ஹார்மோனியத்தின் இடது பக்கம்

22-11-37, திங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்

விடியற்காலை முதல் தூறல். கொடியில் துணி அப்படியே.

முதலில் ஒரு திருத்தம். நான் குழந்தையை அறையவில்லை.

பூசை முடிந்து வெளியே வரும்போது மாதா கோவில் வாசலில் இரண்டு பெண்கள், ஒரே குடைக்குள். "ரிஜிஸ்தரம்மா அந்தப் புள்ளைய எல்லாரு முன்னாலயும் கன்னத்துல ஒண்ணு வச்சிட்டாகளாம்லா." என்னைக் கண்டதும் குடை மறுபக்கம் திரும்பிக்கொண்டது. ராஜபாளையத்தில் நேற்றுப் பகல் நடந்தது இன்று காலைப் பூசைக்குள் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அதுவும் தப்பாக. என் ஆயுசில் எந்தக் குழந்தையின் கன்னத்திலும் என் கை விழுந்ததில்லை. ஹார்மோனியத்தின் மூடி விழுந்தது. குழந்தையின் விரல் அங்கே இருந்தது. அவ்வளவே.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

நேற்று ராஜை.யில் மாதா சபைப் பெண்களின் கூட்டம். சங்கீதத்துக்குப் பாதுகாவலியான அர்ச்சிஷ்ட செசிலியம்மாள் திருநாளை ஒட்டி. சபைத் தலைவி என் நாத்தனார் ரோசம்மாள். நாற்பது பெண்கள். நான் எழுதிய 'தொட்டிலிலேயே சங்கீதம்' என்ற கட்டுரையை வாசித்தேன். ஏழு வயதுக்குள் காதில் விழுந்ததே ஆயுசுக்கும் நிற்கும் என்று மடத்துப் பள்ளியில் எங்கள் மதர் சொன்னதில் ஆரம்பித்து, அதற்கு அத்தாட்சியாகப் புஷ்பத்தில் முடித்தேன்.

புஷ்பம் என் சமையற்காரி அந்தோணியம்மாளின் மகள். மூன்றரை வயது. பிறந்த நாற்பதாம் நாள் முதல் அவள் தொட்டில், மிதியை அமுக்கி வாசிக்கும் என் கால் ஹார்மோனியத்தின் பக்கத்தில். தினம் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி வாசிப்பேன். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் தாளம் தவறாமல் தலை ஆட்டுவாள். மெட்டு மாறினால் உடனே கை தட்டுவாள். நம் கோவில் பாடகர் குழுவில் பாதிப் பேருக்கு இது வராது. இதையெல்லாம் கட்டுரையில் எழுதியிருந்தேன். எழுதியதை எல்லோர் முன்னும் செய்து காட்டுவதாக ஏற்பாடு.

அங்கே கால் ஹார்மோனியம் பழுது. மேசைமேல் கை ஹார்மோனியம் வைத்திருந்தார்கள். அந்தோணியை வராந்தாவில் மற்ற வேலைக்காரப் பெண்களோடு உட்காரச் சொன்னேன். தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குச் சலுகை.

வாசித்தேன். பு. அசையவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினாள். எழுந்து என் முகத்தைப் பார்த்தாள். மெட்டை மாற்றினேன். கை தட்டவில்லை. மறுபடி மாற்றினேன். முன்வரிசையில் யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். ரோஸ் என் காதருகே வந்து, "புள்ளைக்குத் தூக்கம் போல மதினி, விட்ருங்க." அந்தக் குரலில் இருந்த கரிசனம்.

பிறகு பு. இடது பக்கமாக வந்து கட்டைகள்மேல் விரலை வைத்தாள். மூடி விழுந்தது.

அந். உள்ளே ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.  நான் தனியே பஸ்ஸில் திரும்பினேன்.

இன்று அந். வேலைக்கு வரவில்லை. காப்பி நானே. பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

23-11, செவ்வாய்

மழை நின்றுவிட்டது. அந். வரவில்லை. சொல்லாமல் நிற்பது அவளுக்கு வழக்கமில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டுப்பூசைக்கு மூன்று புதுப் பாட்டுகள் நகல் எடுக்க வேண்டும். ஒன்றுதான் முடிந்தது. பு.வுக்கு வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்தது தையற்காரனிடம் இருக்கிறது. ஹார்மோனியத்தின் பக்கத்தில் அவளை நிறுத்துவதாக எண்ணியிருந்தேன்.

பிடிவாதம் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் நூறு தடவை செய்ததை அங்கே செய்யவில்லையே.

மூடி விழுந்தது என்று நேற்று எழுதியிருக்கிறேன். அந்த மூடிக்குப் பித்தளைக் கீல். இறுக்கமான கீல். தானாக விழாது. மூடினேன் என்று திருத்துகிறேன். விரல் இருந்தது தெரியாமல் மூடினேன்.

24-11, புதன்

வெயில். காலை எட்டு மணிக்கு அந்.யின் புருஷன் சவரிமுத்து. ராஜை. நூல் ஆலையில் வேலை. தலையெல்லாம் பஞ்சு.

"நைட் ஷிப்டு முடிஞ்சு நேரா வாரேம்மா. தொட்டில் சேலைய அவுத்துட்டு வரச் சொன்னா. அது அவ கல்யாணச் சேலை."

அந். எங்கே என்று கேட்டேன். சோழபுரத்தில் அவள் தாய் வீட்டில்.

"விரல் எப்படி இருக்கு?"

"ரெண்டு வெரலு. ஒண்ணுல நகம் கருத்துப்போச்சு. விழுந்து வேற மொளைக்கும்னாரு கம்பவுண்டரு."

முக்காலியில் ஏறித் தொட்டில் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு மூன்றரை வருஷத்து முடிச்சு, பல்லால் கடித்து இழுத்தான். சும்மா நிற்க முடியாமல் நான் பேசினேன். குழந்தைக்குப் பிடிவாதம் அதிகம், இப்போதே கண்டிக்காவிட்டால் பின்னால் கஷ்டம், தெரிந்ததைச் செய்யாமல் நாற்பது பேர் முன்னால் நின்றால் யாருக்குத்தான், இப்படி.

முக்காலிமேல் நின்றபடியே திரும்பிப் பார்த்தான். "கேக்காத காதுக்கு என்னம்மா பிடிவாதம்?"

எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறாய் என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். பொறந்ததுலேருந்தே அவளுக்குக் காது கேக்காதே. நீங்க தெரிஞ்சுதான் பொட்டி பக்கத்துல போட்டு வச்சிருக்கீக, ஏதோ இங்கிலீசு வைத்தியம்னு எங்க அய்யா ஊரு பூராம் சொல்லிட்டுத் திரியிதாரு."

சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். காப்பி வேண்டாம் என்றான்.

உத்தரத்தில் சேலை கிடந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

25-11, வியாழன்

எங்கும் போகவில்லை.

இந்த வருஷத்து நாட்குறிப்பைப் பின்னாலிருந்து புரட்டினேன். என் கையெழுத்து, நான் எழுதியவை, கீழே உள்ளபடி:

"தீபாவளி. அடுத்த வீட்டில் சரவெடி. அந். கூடப் பயந்து காதைப் பொத்தினாள். பு. திரும்பிப் பார்க்கவில்லை. சங்கீதத்தில் வளர்ந்த குழந்தைக்கு நரம்பு உறுதி."

"பெருமாள் கோவில் நாகஸ்வரம் தெருவில் போயிற்று. தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடின. பு. ஓடவில்லை. ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு இயல்பான விவேகம்."

"கூப்பிட்டால் வருவதில்லை. தாய் கண்டிப்பில்லாதவள். அந்.யிடம் சொன்னேன்."

"இன்று மெதுவான பாட்டு. பு. பெட்டியின் இடது பக்கத்தில் கன்னத்தை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு முடியும்வரை. நான் வளர்த்த காது."

கடைசி மூன்று வார்த்தைகளை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

காலஞ்சென்ற என் வீட்டுக்காரர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அவர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் முப்பது வருஷம். பத்திரத்தில் ஒரு வார்த்தை தப்பென்றால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், சுரண்டி எடுக்கக் கூடாது என்பார்.

26-11, வெள்ளி

மேகம். சுத்த போஜனம், மாமிசம் இல்லை. கத்தரிக்காய் கருகிவிட்டது.

பிற்பகல் கதவைச் சாத்திவிட்டு ஒரு காரியம் செய்தேன். இரண்டு காதிலும் பஞ்சு. அதன்மேல் மெழுகு. அதன்மேல் துணிக்கட்டு. கண்ணாடியில் பார்க்கவில்லை. ஹார்மோனியத்தின் இரு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு கட்டையைச் சீட்டு மடித்துச் சொருகி அழுத்திவைத்து, தரையில் உட்கார்ந்து, கையால் மிதியை அமுக்கி, கன்னத்தைப் பெட்டியில் வைத்தேன். அறுபத்தைந்து வயதில். முழங்கால் மடங்க மறுத்தது.

வலது பக்கம் ஒன்றும் இல்லை. மரம், அவ்வளவுதான். நடுவிலும் இல்லை. இடது பக்கம், கீழ்ஸ்தாயிக் கட்டைகள் இருக்கும் பக்கம், தாடையில் ஏறியது. பல்லுக்குள் வந்தது. நெஞ்செலும்பில் நின்றது.

பு. எப்போதும் இடது பக்கம்தான். சுவர் அந்தப் பக்கம் குளிர்ச்சி என்று அங்கே போகிறாள் என்று எண்ணியிருந்தேன்.

ஞாயிறன்று மேசைக்கு அடியில் அவள் தேடியது என் கால்களை. கை ஹார்மோனியத்தில் மிதி கிடையாது, துருத்தி பின்னால். அவள் பார்க்கத் தக்கதாக ஒன்றும் இல்லை. அதன்பின் அவள் இடது பக்கம் வந்தது விஷமத்துக்கு அல்ல. அதிர்கிற இடத்தைத் தொட வந்தாள்.

மெழுகு தலைமயிரில் ஒட்டிக்கொண்டது. கத்தரித்து எடுத்தேன்.

27-11, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன் ஆறு பேர். என் முறை வந்ததும், "கோபப்பட்டேன்" என்றேன். சாமியார், "எத்தனை முறை?" "ஒரு முறை." மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம். எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

வீட்டுக்கு வந்து கைக்குட்டையை மடிக்கும்போது தெரிந்தது, நான் சொன்னது பொய். கோபம் என்பது கௌரவமான வார்த்தை. கோபம் யாருக்கும் வரும். அன்று எனக்கு வந்தது வேறு. ரோஸ் என் காதருகே குனிந்தபோது, நாற்பது பெண்கள் என்னைப் பார்த்தபோது, முகமெல்லாம் சுட்டது. அந்தச் சூட்டை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. கிட்டத்தில் இருந்தது மூன்றரை வயது விரல்.

செவ்வாய்க்கிழமை எழுதியதையும் திருத்துகிறேன். விரலைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடினேன்.

ஊர் சொன்னது பரவாயில்லை. அறை என்றார்கள். அறை இதைவிடச் சின்னது.

28-11, ஞாயிறு

ஆகமனகாலம் ஆரம்பம். இனிக் கிறிஸ்துமஸ் வரை பூசையில் ஹார்மோனியம் கிடையாது. ஊதா உடுப்பில் சாமியார். எனக்குக் கோவிலில் வேலை இல்லை. பெண்கள் பக்கத்தில் நடுவரிசையில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்து எத்தனை வருஷம்.

பீடத்தண்டை நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. எல்லோரும் எழுந்து என் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பின்னால் ஒருத்தி, தாழ்ந்த குரலில்: "அவியளுக்கு மேலுக்குச் சரியில்லையோ?" இன்னொருத்தி: "மேலுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

நாளை சோழபுரம் போகிறேன்.

29-11, திங்கள். ராஜை.யிலிருந்து திரும்பிய பின்

பஸ் ராஜை. வரை. அங்கிருந்து வண்டி. கண்மாய் நிறைந்து தண்ணீர் பாதையில். கடைசிக் கால் மைல் நடை. செருப்பு சேற்றில் போயிற்று, வண்டிக்காரன் குச்சியால் எடுத்துக் கொடுத்தான்.

அந்.யின் தாய் வீடு ஒரே அறை. அவள் வாசலில் பருத்தியிலிருந்து கொட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். பு. பக்கத்தில். என்னைக் கண்டதும் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அழவில்லை. ஒளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவே.

அந். எழுந்து பலகை போட்டாள். "ஒக்காருங்கம்மா. காலு நனைஞ்சிருக்கே." துணி கொண்டுவந்து கொடுத்தாள். வேறு யாருக்கும் செய்வது போலவே செய்தாள்.

வழியெல்லாம் பேச்சு யோசித்துவைத்திருந்தேன். எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டேன்.

"எட்டு மாசத்துல. ஒங்க அடுப்படியிலதான். பித்தாள அண்டா கை நழுவிருச்சு. நீங்க உள்ளேருந்து சத்தம் போட்டீக. இவ மட்டும் வெரலச் சூப்பிக்கிட்டுக் கெடந்தா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்ககிட்டயாம்மா?" என்றாள். ஒரு கொட்டையை எடுத்துப் போட்டாள். "வத்ராப்புலேருந்து ஒரு குடும்பம் பாட்டுப்பூசைக்கு வந்துச்சே, காது கேக்காத புள்ளையோட. ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது. 'இதெல்லாம் பின்னால உக்காரட்டும், பாடுற எடத்துல வேண்டாம்'னீக. அந்தப் புள்ளையோட ஆத்தா எந்திரிச்சு வெளியவே போயிட்டா. அன்னைக்கு நான் இவள வயித்துல சொமந்துக்கிட்டு நின்னேன்."

ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன். அது என் பேச்சுத்தான், வார்த்தைக்கு வார்த்தை.

"எம் புள்ளைக்கு ஒங்க வீட்ல ஒரு எடம் இருந்துச்சு. நீங்க அவளப் பாத்துச் சிரிப்பீக. வேற யாரப் பாத்தும் நீங்க சிரிச்சு நான் பாத்ததில்ல. அத ஏன் கெடுக்கணும்னு, நான்தான் பழக்கினேன். அம்மா காலு ஏறி எறங்குறப்ப தலைய ஆட்டணும். குமிழ இழுத்தா கை தட்டணும். துண்டு வெல்லம் குடுத்துக் குடுத்து. ரெண்டே நாளு. கெட்டிக்காரி."

மெட்டு மாற்றுமுன் நான் ஹார்மோனியத்தின் குமிழை இழுத்து நாதத்தை மாற்றுவது வழக்கம். கட்டுரையில் 'மெட்டு மாறுவதை உணர்கிறாள்' என்று எழுதியிருந்தேன். என் கையைத்தான் வாசித்திருக்கிறாள்.

"கன்னத்தை வைக்கிறது?"

"அது நான் சொல்லிக் குடுக்கல," என்றாள் அந். "அது அவளா செஞ்சது."

அதற்குமேல் பொறுக்கவில்லை. சொன்னேன். மூடி விழவில்லை, நான் மூடினேன், விரலைப் பார்த்துவிட்டு மூடினேன்.

பருத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்மா. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

உள்ளே அவள் தாய் யாரையோ கோழி விரட்டச் சொன்னாள். கோழி விரட்டப்பட்டது.

"என்ன மன்னிச்சிரு" என்றேன். நான் இதுவரை வீட்டு வேலைக்காரியிடம் சொல்லாத வார்த்தை. சரியாகச் சொன்னேனா தெரியவில்லை.

"நான் என்னத்தம்மா மன்னிக்கிறது. எனக்கா வலிச்சது?" அடுத்த பருத்தியை எடுத்தாள். பிறகு, "அவளுக்கு ஏன்னு தெரியல பாருங்க, அதான். பொட்டியத் தொட்டா கடிக்கும்னு நெனச்சிட்டா. நான் ஆட்டுரல்ல மாவாட்டுனா ஓடியாந்து கல்லுமேல கைய வைப்பா. குறுகுறுன்னு இருக்கும்போல, சிரிப்பா. நேத்து ஆட்டுனேன். வரல. கையப் புடிச்சு வச்சேன், உருவிக்கிட்டு ஓடிட்டா."



எழுந்திருக்குமுன் பாளையங்கோட்டைப் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். காது கேளாத பிள்ளைகளுக்கென்றே அங்கே ஒரு பள்ளி இருக்கிறது, உதட்டைப் பார்த்துப் பேசவும் எழுதவும் கற்றுக்கொடுக்கிறார்கள், நான் பேசி ஏற்பாடு செய்கிறேன், எனக்கு அங்கே தெரிந்தவர்கள்—

அந். கையை உயர்த்தினாள். அவள் என் பேச்சை நிறுத்தியது இதுவே முதல் முறை.

"வாயால சொன்னதெல்லாம் போதும்மா. நீங்க சொல்லுவீக, ஊருக்கெல்லாம் சொல்லுவீக, பொறவு எம் புள்ளைய எங்கயாவது கொண்டு நிறுத்துவீக. அவிய என்ன சொல்லுதாகன்னு காயிதத்துல வரட்டும். ஒங்க பேருக்கு வேண்டாம். எம் பேருக்கு வரட்டும்."

வேலைக்கு வருவாளா என்று கேட்கவில்லை. 

பு. கதவுக்குப் பின்னாலிருந்து என் சேறு படிந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கால்கள் ஏறி இறங்கினால் தலை ஆட்ட வேண்டும் என்று அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்குமோ என்னவோ. காலை அசைக்காமல் நின்றேன்.

30-11, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டது. திரும்பும் வழியில் ரோஸ் வீட்டில் இறங்கினேன். கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன். கொடுத்தாள், கூடவே முறுக்கும்.

"எங்களுக்கு அப்பவே சந்தேகந்தான் மதினி. போன வருசம் ஒங்க தெருவுல மேளம் போனப்ப புள்ள திரும்பிக்கூடப் பாக்கல, அன்னைக்கே நான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். ஒங்ககிட்ட யாரு வாயத் தொறக்கிறது?"

அப்படியானால் ஊருக்கே தெரியும். சோழபுரத்தில் தெரியும், ராஜை.யில் தெரியும். காது நன்றாகக் கேட்கும் ஒருத்திக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கிறேன்.

ஒரு தாளில் நான்கு வரி எழுதி அவளிடம் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கட்டுரையில் புஷ்பத்தைப் பற்றி எழுதியது உண்மை அல்ல, குழந்தைக்குக் காது கேளாது, விரலில் காயம் என்னால், வேண்டுமென்று.

ரோஸ் இரண்டு தடவை படித்தாள். "'வேண்டுமென்று' வேண்டாமே மதினி. நாப்பது பேரு."

"அதே நாப்பது பேர்" என்றேன்.

"அண்ணன் பேரும் சேர்ந்து கெடும்லா?"

முறுக்கைத் தின்றேன். நமத்திருந்தது. இதை எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன்.

1-12, புதன்

நல்ல வெயில். துணி காய்ந்தது. தையற்காரன் வெள்ளைக் கவுனைக் கொண்டுவந்தான். கழுத்து சரியாக வைத்திருக்கிறான். அலமாரியில்.

மறுபடி பாவசங்கீர்த்தனம். இந்தத் தடவை 'கோபம்' என்ற வார்த்தையை உபயோகிக்கவில்லை. சாமியார் எத்தனை முறை என்று கேட்கவில்லை. பிறகு, "பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பாளையங்கோட்டை என்றேன். அது கத்தோலிக்கர் அல்ல, புரொட்டஸ்டாண்டார் நடத்தும் பள்ளி என்பது அவருக்குத் தெரியும். எழுதுங்கள் என்றார்.

எழுத உட்கார்ந்தேன். முதல் நகல்: எந்த மடத்துப் பள்ளியில் படித்தேன், எத்தனை வருஷம் கோவிலில் ஹார்மோனியம் வாசித்தேன், அவர் உத்தியோகம். முதல் பக்கம் முழுவதும் நான். கிழித்தேன். இரண்டாம் நகலில் 'ஒரு விபத்தில் விரலில் காயம்'. அதையும் கிழித்தேன்.

மாலை ஹார்மோனியத்தைத் திறக்கவில்லை. ஆகமனகாலம் என்பது வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டேன். பொருந்தாது என்று தெரியும்.

2-12, வியாழன்

பதினோரு மணித் தபாலுக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்:

சேசு மரி சூசை

ஸ்ரீவில்லிபுத்தூர்

பாளையங்கோட்டை, காது கேளாத குழந்தைகளின் பள்ளித் தலைமையாசிரியை அவர்களுக்கு,

அம்மா,

மரிய புஷ்பம் என்ற பெண் குழந்தை. மூன்றரை வயது. பிறவியிலேயே காது கேளாது என்று தாய் சொல்கிறாள். இரண்டு மூன்று சத்தம் தவிரப் பேச்சு இல்லை. கண் கூர்மை. ஒருவருடைய கையையும் காலையும் பார்த்து அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று கண்டுகொள்வாள். இரண்டு வருஷம் அப்படி என்னைக் கண்டுகொண்டிருந்தாள். எனக்கு அது தெரியவில்லை.

இடது கையில் இரண்டு விரல்களில் காயம். நான் ஹார்மோனிய மூடியை அவள் விரல்மேல் மூடியதால் வந்தது. தெரிந்தே செய்தேன். உங்கள் வைத்தியர் கேட்டால் தாயின்மேல் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். இந்த வயதில் சேர்த்துக்கொள்வீர்களா. முதல் சில வாரம் தாய் கூட இருக்க இடம் உண்டா. அதிர்கிற வஸ்து ஏதாவது, ஹார்மோனியமோ மேளமோ, உங்கள் பள்ளியில் இருக்கிறதா. குழந்தை அதைத் தொட்டு அறிவாள், கீழ்ஸ்தாயிப் பக்கம். இப்போது தொடப் பயப்படுகிறாள். அவளாகக் கையை வைக்கும்வரை யாரும் பிடித்து வைக்க வேண்டாம்.

என்னைக் குறித்து அறிய வேண்டுமானால் இங்குள்ள யாரையும் விசாரிக்கலாம். அவர்கள் சொல்வதை நம்பலாம்.

பதிலை எனக்கு எழுத வேண்டாம். சோழபுரம், சவரிமுத்து மனைவி அந்தோணியம்மாள் என்ற பெயருக்கு எழுதவும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, புருஷன் எழுத்துக்கூட்டி வாசிப்பான். ஆகையால் சிறிய வாக்கியங்களாக, பெரிய எழுத்தில், தமிழில் எழுதவும். சேர்க்க இயலாது என்றாலும் அதையும் எழுத்திலேயே தெரிவிக்கவும்.